பாட்டிலும் தீர்ந்தது, கல்ஃபும் முடிந்தது: ஆம்பர் ஃப்ளோரல் சென்ட்டுக்குப் பதில் எது?

என் சித்தி மகளுக்குத் தக்கலையில் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை. காலையில் இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். ஆறேழு வருஷமாக அவள் போடுவது ஒரே சென்ட்தான்: கரோலினா ஹெரேராவின் குட் கேர்ள். ஹை ஹீல்ஸ் செருப்பு வடிவத்தில் கருநீலமாக இருக்குமே, அந்த பாட்டில். ஷார்ஜாவில் இருந்த அவளுடைய அண்ணன் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்து கொடுப்பான். போன வருஷம் அவன் அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். இப்போது அந்தச் செருப்பின் நுனியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"எக்கா, கடையில வெல கேட்டேன், தல சுத்திட்டு. இதுக்குப் பதிலா எத வாங்கட்டும்?"

இந்தக் கேள்வி அவளுடையது மட்டும் இல்லை. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் அலமாரியில் கல்ஃபிலிருந்து வந்த ஒரு பாட்டில் நிற்கும். கொண்டுவந்தவர் திரும்பி வந்ததும் மணமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த வருஷத்தில் மட்டும் நான்கு பேர். இரண்டு மாதம் நானும் கடை கடையாக ஏறி, மோந்து பார்த்து, கொஞ்சம் காசையும் வீணாக்கினேன். அப்படிக் கண்டதுதான் இது.

ஆம்பர் என்பது என்ன

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டிவரும். சென்ட் உலகத்தில் இந்த வகைக்கு முன்பு 'ஓரியண்டல்' என்று பெயர். மணங்களை வட்டமாக வரைந்து வகைப்படுத்திய மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021-ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஆம்பர்' என்று வைத்தார். மஞ்சள் மணி மாலையில் கோக்கிற ஆம்பர் கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் பழைய வைத்தியத்தில் மீனம்பர் என்பார்களே, திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வருவது, அதுவும் வேறு. இந்தியாவில் அதை வைத்திருப்பதே 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே "ஒரிஜினல் அம்பர் கலந்தது" என்று யாராவது ரகசியக் குரலில் சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

சென்ட்டில் வரும் ஆம்பர் ஒரு கூட்டு மணம். மத்திய தரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றிலிருந்து எடுக்கும் லாப்டனம் என்ற பிசின், பென்சாயின், வெனிலா, இவை சேர்ந்தால் ஆம்பர். இதில் பென்சாயின் என்பது யார் தெரியுமா? நம் சாம்பிராணிதான். அதன்மேல் மல்லிகையோ சம்பங்கியோ ஆரஞ்சுப் பூவோ ஏறினால் ஆம்பர் ஃப்ளோரல். எண்ணெய் தேய்த்துக் குளித்து, முடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்தி, மேலே ஒரு முழம் பிச்சி வைத்துக்கொண்ட ஆச்சியின் தலையை மோந்து பார்த்தவர்கள் இந்த வகையை ஏற்கெனவே மோந்திருக்கிறார்கள். வெனிலா மட்டும் அதில் குறைவு.

குட் கேர்ளும் இந்த வகைதான், 2016-ல் வந்தது. தொடக்கத்தில் பாதாமும் காபியும், நடுவில் சம்பங்கியும் குண்டுமல்லியும், அடியில் டோங்கா விதை, கோகோ, வெனிலா. சம்பங்கியும் மல்லியும் தோவாளைச் சந்தையில் தினமும் மூட்டையாக வந்து இறங்கும் பூக்கள். நாம் பாரீஸ் மணம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி நம் பஸ் ஸ்டாண்டு மணம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோலைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பிடித்தது அந்த சென்ட்டின் எந்தப் பகுதி? அடித்தவுடன் வருவது முதல் கால்மணி நேரம். பூ வருவது அடுத்த இரண்டு மூன்று மணி நேரம். அடிமணம் ராத்திரி வரைக்கும், சில சமயம் மறுநாள் வரைக்கும் நிற்கும். எந்தப் பதிலியும் மூன்றையும் சரியாகத் தராது. ஒன்றைத் தந்தால் இன்னொன்றில் கோட்டைவிடும். அதனால் எதை இழந்தால் அழுவீர்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

கண்டுபிடிக்க வழி சுலபம். நேற்றுப் போட்ட துப்பட்டாவை எடுத்து மோந்து பாருங்கள். "இதுதான், இதுதான்" என்று மனம் சொன்னால் உங்களுக்கு வேண்டியது அடிமணம். "இதில் என்னவோ குறைகிறது" என்று தோன்றினால் பூவையோ தொடக்கத்தையோ தேடுகிறீர்கள். சித்தி மகளிடம் கேட்டேன். ராத்திரி துப்பட்டாவை மடிக்கும்போது வருகிற மணம்தான் தனக்கு உயிர் என்றாள். காபி வாசனை அதில் இருந்ததே அவளுக்கு நினைவில்லை. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

இரண்டாவது, நம் ஊர்ச் சூடு. கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்த பகலில் தொடக்க மணம் பறந்துவிடும், கனமான அடிமணம் இன்னும் கனக்கும். பாரீஸில் ஐந்து தடவை அடிப்பதை இங்கே காலை ஒன்பது மணிக்கு அடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் தேடுவார். ஏசி ஆபீஸுக்குள் இன்னும் மோசம், மணம் வெளியே போக வழி இல்லை.

மூன்றாவது, பாட்டில் விலையை விடுங்கள், ஒரு நாள் செலவைப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் சுமார் 0.1 மில்லி வரும். 80 மில்லி பாட்டிலில் 800 அழுத்து. ஒரு நாளைக்கு நான்கு என்றால் 200 நாள்.

நான்காவது, துணி. ஓணத்துக்குச் செட்டு சாரி, அதாவது வெளிர்நிறக் கேரளப் புடவை, கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். என்னுடைய செட்டு சாரியின் இடுப்பு மடிப்பில் எட்டணா அளவுக்குத் தேயிலைக் கறை ஒன்று இருக்கிறது. மூன்று தடவை வெளுத்தும் போகவில்லை. சலவைக்காரர் "காபி கொட்டினீங்களா?" என்று கேட்டார். ஒரு வகையில் சரிதான்.

ஐந்தாவது, கையில் கிடைப்பது உண்மையானதா என்பது. அதைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன்.

அதே சென்ட், ஆனால் குறைவாக

பதிலி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

30 மில்லி பாட்டிலாக வாங்கலாம். கடையில் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறைக்காகத்தான் இந்தத் தொகைகள்.) தினமும் போட்டால் 75 நாளில் தீர்ந்துவிடும், ஒரு நாளைக்கு 87 ரூபாய் ஆகிறது. 80 மில்லி 11,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 55. சின்ன பாட்டில் மலிவு என்பது கண்கட்டு வித்தை. ஆனால் கல்யாணம், வீடு பால்காய்ச்சு, பெருநாள், கிறிஸ்துமஸ் என்று வருஷத்துக்கு 25 தடவை மட்டும் போடுகிறவருக்கு அதே 30 மில்லி மூன்று வருஷம் வரும். அப்போது அதுதான் எல்லாவற்றிலும் சரியான வழி. மணமும் அப்படியே கிடைக்கும், சமரசம் எதுவும் இல்லை.

இதைவிட நல்ல வழி பங்கு போடுவது. ஒரே மணம் பிடித்த மூன்று பேர் சேர்ந்து 80 மில்லி வாங்கினால் ஆளுக்கு 26 மில்லிக்கு மேல், 3,700 ரூபாய்க்குள். 30 மில்லி தனியாக வாங்குவதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சின்னக் கண்ணாடி ஸ்ப்ரே பாட்டிலுக்குள் அடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம். செருப்பு பாட்டிலை யார் வைத்துக்கொள்வது என்பதில் சண்டை வரும், அதை முன்பே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் சீட்டுப் போட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர் பிரித்து விற்கும் 5 மில்லி, 10 மில்லி பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று சோதிக்க வழியே கிடையாது. கூட்டு சேர்ந்தால் சொந்தத்தில் சேருங்கள்.

இன்னொன்று. அதே செருப்பு வேறு நிறத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். 2021-ல் வந்த சிவப்புச் செருப்பான வெரி குட் கேர்ள் லிச்சிப் பழமும் ரோஜாவுமாக இருக்கும். பெயர் குடும்பப் பெயர், மணம் வேறு வீடு.

பெரிய கம்பெனியின் வேறு பாட்டில்

இங்கே முதல் அளவுகோல் நேரடியாக வேலை செய்யும். காபித் தொடக்கம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் ஈவ் சான் லோரானின் பிளாக் ஓபியம் (2014). காபியும் வெனிலாவும் அதில் முன்னால் நிற்கும், பூ பின்னால் போகும். பாதாமும் அடிமணமும் வேண்டும் என்றால் டியோரின் ஹிப்னாடிக் பாய்சன் (1998). கசப்புப் பாதாம், மல்லிகை, வெனிலா. துப்பட்டா மணக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குட் கேர்ளைவிட இனிப்பு குறைவு, கொஞ்சம் பொடி வாசனை உண்டு. சம்பங்கிதான் வேண்டும் என்றால் அதே டியோரின் 1985-ம் வருஷத்துப் பாய்சன். ஆனால் அதை ரயிலில் போடாதீர்கள். பெட்டி முழுவதும் உங்கள் கல்யாணத்துக்கு வந்துவிடும். இந்த வகைக்கே தாய் என்று சொல்லத்தக்கது முகலாயத் தோட்டத்தின் பெயர் கொண்ட ஷாலிமார், கெர்லான் கம்பெனி 1925-ல் போட்டது. நூறு வருஷம் தாண்டியும் விற்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது பெரியம்மா மணமாகத் தோன்றலாம்.

விலையில் இங்கே பெரிய லாபம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். அப்புறம், பழைய நினைவை நம்பி வாங்குவதிலும் ஒரு ஆபத்து உண்டு. அம்மா 1990-களில் போட்டதும் இன்று அதே பெயரில் விற்பதும் ஒன்றாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை முதலிய காரணங்களுக்காகச் சில மணப்பொருள்களைத் தடை செய்துவருகிறது. பூ மணத்துக்கு ஏராளமான சென்ட்களில் போட்டுவந்த லைரல் 2021 ஆகஸ்டோடு கடைகளிலிருந்து போயிற்று. லிலியல் 2022 மார்ச் 1 முதல் தடை. அவை போனதும் கம்பெனிகள் கலவையை மாற்றின. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆகவே மோந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

மோந்து பார்க்க எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. ஆக்குளத்தில் லுலு மால் 2021 டிசம்பரில் திறந்ததிலிருந்து டெஸ்டர் தேடிக் கொச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் மோந்தால் மூக்கு கைவிட்டுவிடும். காகிதத்தில் பார்த்துக் கழித்துவிட்டு, கடைசியாக நிற்கிற ஒன்றை மட்டும் கையில் அடியுங்கள். அடித்துவிட்டு வாங்காமல் ரயிலேறுங்கள். பாறசாலை, குழித்துறை தாண்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகும் பிடித்திருந்தால் அடுத்த வாரம் வாங்கலாம். விற்கிற பெண் முகம் சுளிப்பாள், பரவாயில்லை.

துபாய் நகல்

லத்தாஃபா, அர்மாஃப், அல் ஹரமைன், அஃப்னான் என்று அமீரகத்துக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. புகழ்பெற்ற மணங்களை ஒட்டிப் பல பாட்டில்கள் போடுகிறார்கள், சொந்த மணங்களும் போடுகிறார்கள். லத்தாஃபாவின் யாரா, அந்த ரோஸ் நிறப் பாட்டில், இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் கையில் எல்லாம் இருக்கிறது. அது குட் கேர்ளின் நகல் இல்லை. பால் மாதிரி இனிப்பான வெனிலா. அடிமணப் பிரியர்களுக்குப் பிடிக்கலாம்.

இரண்டு வகை நகல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மணத்தை ஒட்டித் தன் சொந்தப் பெயரில் விற்பது ஒன்று. கரோலினா ஹெரேரா என்றே அச்சடித்து விற்பது வேறொன்று, அது போலி, மோசடி. முதலாவதைப் பற்றி நீதிமன்றங்களுக்கே ஒரே கருத்து இல்லை. 2006 ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில், சென்ட்டின் மணத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்று பிரான்ஸின் உயர்ந்த நீதிமன்றமும், உண்டு என்று நெதர்லாந்தின் உயர்ந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லின.

மணத்தை எப்படி நகலெடுக்கிறார்கள்? ஒரு கருவிக்குள் செலுத்தினால் உள்ளே என்னென்ன பொருள், எவ்வளவு என்று பிரித்துக் காட்டிவிடும். ஆனால் இயற்கைப் பூச்சாறு நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை, அதை அப்படியே அமைக்கப் பணம் வேண்டும். சில மணப்பொருள்களைக் கண்டுபிடித்த கம்பெனி வெளியே விற்பதும் இல்லை. அதனால் நகலில் முதலில் அடிபடுவது பூ. தொடக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் ஸ்பிரிட் காரம் மூக்கில் ஏறும். அடிமணம்தான் நன்றாக வரும், ஏனென்றால் வெனிலினும் ஆம்பர் வாடை தருகிற செயற்கைப் பொருள்களும் மலிவு. நம் துப்பட்டா ஆட்களுக்கு இது நல்ல செய்தி.

100 மில்லி 2,500 ரூபாய், ஒரு நாளைக்கு ஆறு அழுத்து என்றாலும் 15 ரூபாய்தான். பாட்டிலைத் திறந்து நாலு தடவை அடித்து ஒரு மாதம் இருட்டில் வைத்தால் மணம் பழுத்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வைத்தேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை பொறுமைதான் பழுக்கிறதோ என்னவோ.

மறைந்திருக்கும் செலவு, மலிவு என்று மூன்று நான்கு வாங்குவது. இரண்டு மாதத்தில் என் மேஜையில் மூன்று பாட்டில் சேர்ந்துவிட்டன. மூன்றையும் கூட்டினால் உண்மையானதில் 30 மில்லி வாங்கியிருக்கலாம்.

போலியிலும் நான் ஏமாந்தேன். எல்லை ஊர் ஒன்றில் ஒரு கல்ஃப் சாமான் கடை, பெயர் வேண்டாம். "நம்ம பையன் நேத்து ஃபிளைட்ல கொண்டுவந்தது" என்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள். குழித்துறையில் ரயில் ஏறும்போது அடித்தேன். பாறசாலை வருவதற்குள் ஒன்றும் இல்லை, வெறும் ஆஸ்பத்திரி வாசனை. முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இந்திய விலை எல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆள் கையில் கொண்டுவந்த பாட்டிலில் அது இருக்காது, ஆகவே அந்த விற்பனையில் உங்களுக்குப் பிடிமானமே கிடையாது. கொண்டுவந்த பையனைச் சிறுவயதிலிருந்து தெரியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

அத்தர்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், எனக்குப் பிடித்தது இது.

தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்கா பக்கம் அத்தர் வாங்கப் போயிருந்தேன். வயதான ஒரு பாய். கண்ணாடிக் குச்சியைப் பாட்டிலில் தொட்டு என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். நான் பழக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கப் போனேன். "தேய்க்காத மக்களே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். அடுத்த அரை மணி நேரம் அவர் வேறு ஆட்களைக் கவனித்தார், நான் கையை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்பர் அத்தர். முதலில் மருந்துக்கடை மாதிரி ஒரு நெடி. அப்புறம் வெல்லப்பாகு காயும் வாடை. கடைசியில் சாம்பிராணி தணிந்துபோன அறை.

"இது பூ காய்ச்சி எடுத்ததா பாய்?"

"இந்த வெலைக்கா?" என்று சிரித்தார். "கம்பெனி எண்ணெய். நல்ல எண்ணெய்."

அந்த நேர்மைக்காகவே வாங்கினேன். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கிறார்களே, அதுதான் பழைய முறை அத்தர். 2014-ல் கன்னோஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தனம் விற்கிற விலைக்கு இப்போது பலர் அதன் இடத்தில் வாடையில்லாத வேறு எண்ணெய்தான் வைக்கிறார்கள். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளையில் பிச்சி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தவர்களிடம் "சுத்தமான மல்லிகை அத்தர், நூறு ரூபாய்" என்று யாரும் பேச முடியாது.

செயற்கை என்றாலும் ஆம்பருக்கு அத்தர் நன்றாகப் பொருந்தும். ஆம்பர் என்பதே அடிமணம், எண்ணெய் அதைத் தோலில் பிடித்துவைக்கும். ஸ்பிரிட் இல்லாததால் தொடக்கத்தில் பறந்து வருகிற எழுச்சி இருக்காது. நாலு சீட்டுத் தள்ளி யாருக்கும் தெரியாது, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். ரயிலுக்கும் ஆபீஸுக்கும் இதைவிட மரியாதையான மணம் வேறு இல்லை. ஸ்பிரிட் கலந்ததைத் தவிர்க்கிற முஸ்லிம் வீடுகளுக்கு இது முதலிலிருந்தே தெரிந்த வழி.

பூ வேண்டும் என்றால் இரண்டை அடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஆம்பர் ஒரு சொட்டு, மணிக்கட்டில் மல்லி ஒரு சொட்டு. அத்தர் கடையில் மோத்தியா என்பது குண்டுமல்லி, சமேலி என்றால் நம் பிச்சி. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் சேறாகிவிடும். இல்லாவிட்டால் அடியில் ஆம்பர் அத்தர், தலையில் உண்மையான பிச்சி. எந்தக் கம்பெனி பாட்டிலும் கொடுக்காத பூ மணம் இந்த வழியில் கிடைக்கிறது, அதுவும் முழக் கணக்கில்.

12 மில்லி 400 ரூபாய். சுமார் 300 சொட்டு. நாளைக்கு இரண்டு சொட்டு என்றால் மூன்று ரூபாய்கூட ஆகாது. பட்டில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது என்பது இதன் மறைமுகச் செலவு. மூடி சரியாக இல்லாவிட்டால் பைக்குள் கசியும். என் கைப்பை, அதற்குள் இருந்த ரயில் சீசன் டிக்கெட் உறை, குடை எல்லாம் மூன்று மாதம் ஒரே மணமாக இருந்தன. அடுத்த தடவை அதே பெயரில் வாங்கினால் அதே மணம் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. பிடித்துவிட்டால் இரண்டு பாட்டிலாக எடுத்துவையுங்கள். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தியப் பாட்டில்கள்

டைட்டன் கம்பெனி 2013-ல் தொடங்கிய ஸ்கின், 1951-லிருந்து இருக்கிற அஜ்மல் என்று சில உண்டு. விலை நடுத்தரம், கடையில் பில் கிடைக்கும், போலிப் பயம் குறைவு. பரிசு கொடுக்க நல்லது. குட் கேர்ள் பழகின மூக்குக்கு நான் பார்த்தவரை எதுவும் பதிலாகவில்லை.

ஒரே பார்வையில்

| வழி | நாள் செலவு | நன்றாக வருவது | கைவிடுவது | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|---|
| அதே சென்ட், 30 மில்லி | 87 ரூபாய் | எல்லாம் | எதுவும் இல்லை | தினமும் போட்டால் பர்ஸ் |
| அதே சென்ட், மூவர் பங்கு | 55 ரூபாய் | எல்லாம் | செருப்பு பாட்டில் | நம்பிக்கையான கூட்டாளி வேண்டும் |
| வேறு பெரிய கம்பெனி | ஏறத்தாழ அதே | நீங்கள் தேர்ந்த ஒரு பகுதி | மற்ற இரண்டு | மாறிப்போன கலவை |
| துபாய் நகல் | 15 ரூபாய் | அடிமணம் | பூ | சேர்த்துக்கொண்டே போவது, போலி |
| அத்தர் | 3 ரூபாய்க்குள் | அடிமணம் | தொடக்கம், வீச்சு | பட்டுத்துணி, கசிவு |

யாருக்கு எது

தினமும் ரயிலும் ஏசி ஆபீஸும் என்று இருப்பவர் அத்தர் எடுக்கலாம். கல்யாண வீட்டுக்கு மட்டும் போடுபவர் பதிலி தேட வேண்டாம், அதே சென்ட்டைக் குறைவாக வாங்குங்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், ஆனால் மாதத்துக்கு ஐந்நூறுக்கு மேல் முடியாது என்றால் துபாய், ஆனால் ஒன்றே ஒன்று. பழைய மணம் சலித்துவிட்டது, அதன் தங்கை மாதிரி ஒன்று வேண்டும் என்பவர்தான் இன்னொரு பெரிய கம்பெனிக்குப் போக வேண்டும். வெளுத்த செட்டு சாரி கட்டுகிற நாளில் எதுவாக இருந்தாலும் தோலில் போட்டு, காய்ந்த பிறகு கட்டுங்கள்.

எதை வாங்கினாலும் குளியலறையில் வைக்காதீர்கள், ஜன்னலோரக் கண்ணாடி மேஜையிலும் வைக்காதீர்கள். புடவை அலமாரியின் அடித்தட்டு போதும். மூன்று வருஷம் வைத்திருக்கப்போகிற 30 மில்லிக்கு இது முக்கியம். சூட்டிலும் வெளிச்சத்திலும் அது உங்களுக்கு முன்னால் கிழடாகிவிடும்.

சித்தி மகள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பாட்டில் பங்கு போட்டாள், கல்யாணங்களுக்கு. தினப்படிக்குத் தக்கலை பாயிடம் ஆம்பர் அத்தர். போன திங்கட்கிழமை தலையில் பிச்சியும் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ரயில் நெய்யாற்றின்கரை தாண்டும்போது எனக்கு மெசேஜ் வந்தது: "எக்கா, பக்கத்து சீட்டு சேச்சி ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டு, வீட்டுல இன்னைக்குப் பூஜையான்னு கேட்டாவ. இது நல்லதா, கெட்டதா?"